தற்காப்புப் போரின் எல்லை

பழந்தமிழர் போரைப் பாடியவர்கள். ஆயினும் எல்லாப் போரையும் ஒரே பெயரால் அழைத்தவர்கள் அல்லர். பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்றவன் வெட்சி சூடினான். அதனை மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். பிறன் மண்ணின் மேல் படை கொண்டு சென்றவனுக்கு வஞ்சிப்பூ. வருபவனைத் தடுத்து நின்றவனுக்குக் காஞ்சிப்பூ. மதிலை வளைத்தவனுக்கு உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காத்தவனுக்கு நொச்சி. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலை இப்பாகுபாட்டைத் தெளிவுற வகுத்துள்ளது. தொல்காப்பியம் இதனின் வேறுபடுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர். அங்கே கரந்தை வெட்சியுள்ளும், நொச்சி உழிஞையுள்ளும் அடங்கும்; காஞ்சியோ நிலையாமையைக் குறிக்கும். இவ்விரு நெறிகளையும் கலந்து எழுதி மாணவர் இடர்ப்படுவது வகுப்பறையில் பழகிப்போன காட்சியாகும்.

இவ்வேறுபாட்டில் ஓர் அறநெறிச் சிக்கல் பொதிந்து கிடக்கின்றது. வாளை வீசும் செயல் இரு திறத்தார்க்கும் ஒன்றே. எனினும் தொடுத்தவன் யார், தடுத்தவன் யார் என்று பார்த்து அச்செயலுக்கு வேறு பெயர் இடுகின்றது வெண்பாமாலை. தொல்காப்பியரோ மதிலை முற்றியவனையும் அதனைக் காத்தவனையும் ஒரே திணையுள் நிறுத்துகின்றார். காத்து நின்றவனும் போருக்குள்தான் நிற்கின்றான். அவன் செய்வதும் போரே என்பது அதன் உட்பொருள் எனக் கொள்ளலாம். ஒரு நாட்டின் தற்காப்பைப் பற்றிப் பேசுவோர்க்கு இவ்விரு பார்வையும் வேண்டும். தொடங்கியவன் யார் என்ற கேள்விக்கு விடை கண்டவுடன் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். காப்பவன் எவ்வளவு தூரம் செல்லலாம், எவர்மேல் கை வைக்கலாம் என்ற கேள்விகள் அதன் பின்னரே எழுகின்றன. இவற்றை ஆராய்வதற்கு வேற்று நாட்டு வரலாற்றைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவின் மேல் நடத்திய 'கொன்ஃப்ரொன்தாசி' என்னும் எதிர்ப்புப் போர் நம் கண்முன்னே உள்ளது.

முதற்கண் சட்டம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். 1945இல் உருவான ஐக்கிய நாடுகள் சாசனம், ஒரு நாடு பிறிதொரு நாட்டின் எல்லைக்கு எதிராகப் படைவலியைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. அதன் 51ஆம் விதி ஒரு விலக்கைத் தருகின்றது. ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால், பாதுகாப்பு மன்றம் தக்க நடவடிக்கை எடுக்கும் வரையில், தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம்; எடுத்த நடவடிக்கையை மன்றத்திற்கு உடனே அறிவிக்க வேண்டும். இதற்கும் முற்பட்ட வழக்கு ஒன்று உண்டு. 1837 டிசம்பர் 29 இரவு, கனடாவிலிருந்த பிரிட்டிஷ் தரப்பினர் நயாகரா ஆற்றைக் கடந்து, கலகக்காரர்க்கு உதவிய 'கரோலைன்' என்னும் கப்பலை அமெரிக்கக் கரையில் பிடித்து எரித்தனர். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் அதற்கு விடையாக எழுதிய கருத்தே பின்னர் உலக வழக்காயிற்று. எல்லை கடந்து தற்காத்துக்கொள்வதாயின், வேறு வழி தேடவோ நின்று எண்ணவோ நேரமில்லாத நெருக்கடி இருந்திருக்க வேண்டும். செய்த செயலும் அந்நெருக்கடிக்கு மிஞ்சியதாக இருத்தல் கூடாது என்பதே அதன் சாரம்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். 1961 மே 27ஆம் நாள் துங்கு அப்துல் ரகுமான் சிங்கப்பூரில் மலேசியக் கூட்டமைப்பு பற்றிய எண்ணத்தை வெளியிட்டார். 1962 டிசம்பரில் புருணையில் கலகம் மூண்டது. 1963 ஜனவரி 20ஆம் நாள் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ மலேசியத் திட்டத்தின்பால் எதிர்ப்பு நிலையை அறிவித்தார். அதிபர் சுகர்ணோவின் அச்சம் முற்றிலும் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. டச்சுக்காரரோடு ஆயுதமேந்திப் போராடி விடுதலை பெற்ற நாடு அது. பிரிட்டிஷ் படைத்தளம் சிங்கப்பூரில் நிலைத்திருக்க, போர்னியோவிலும் பிரிட்டனின் செல்வாக்கு புதிய பெயரில் தொடரும் என்று அவர் கருதினார். அச்சம் மெய்யாக இருக்கலாம். அதற்காக அண்டை நாட்டின் காவல் நிலையத்தைச் சுடலாமா என்பது வேறு கேள்வி. 1963 ஏப்ரல் 12ஆம் நாள் சரவாக்கில் தெபெடு காவல் நிலையம் தாக்கப்பட்டது. அப்போது மலேசியா பிறக்கவேயில்லை.

அச்சத்தைத் தீர்ப்பதற்கு அமைதி வழியும் திறந்திருந்தது. 1963 ஜூலை இறுதியில் மணிலாவில் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடினர். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாடுகள் குழு ஒன்று சென்றது. பெரும்பான்மையோர் கூட்டமைப்பை விரும்புகின்றனர் என்று அது கண்டறிந்தது. செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவாயிற்று. முடிவு வெளிவருமுன்னரே மலேசிய நாளைக் குறித்துவிட்டார்கள் என்று ஜகார்த்தா குறைகூறியது. அக்குறையில் சிறிது நியாயம் உண்டு. ஆயினும் கேட்டுப் பெற்ற தீர்ப்பு தனக்கு ஒவ்வாதபோது அதனை ஏற்க மறுத்தது இந்தோனேசியாவே. 'கன்யாங் மலேசியா', அதாவது மலேசியாவை மென்று நசுக்கு என்னும் முழக்கம் ஓங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 29 இரவு சபாவின் கலபாக்கானில் அரச மலாய்ப் படைப்பிரிவின் முகாம் தாக்கப்பட்டது. 8 வீரர்கள் மாண்டனர். கரோலைன் எரிந்த அதே நாள், 126 ஆண்டுகளுக்குப் பின்.

1964இல் போர் தீபகற்பத்திற்கே வந்தது. ஆகஸ்ட் 17ஆம் நாள் சுமார் 100 பேர் படகுகளில் ஜொகூர் பொந்தியான் கரையில் இறங்கினர். செப்டம்பர் 2ஆம் நாள் லாபிஸ் வட்டாரத்தில் வான்குடைப் படையினர் குதித்தனர். மலேசியா பாதுகாப்பு மன்றத்தை நாடியது. உள்நாட்டு அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் நியூயார்க்கு சென்று வழக்கை எடுத்துரைத்தார். இந்தோனேசியப் பேராளர் சுஜார்வோ, தம் தொண்டர்கள் சபா, சரவாக் மண்ணில் புகுந்து போரிடுவதை மறுக்கவில்லை. நோர்வே கொண்டுவந்த தீர்மானத்திற்கு 11 உறுப்பினரில் 9 பேர் ஆதரவளித்தனர். அவர்களுள் மொரோக்கோவும் ஐவரி கோஸ்டும் இருந்தமை நோக்கத்தக்கது. காலனியாதிக்கத்தை எதிர்க்கும் போர் இது என்ற ஜகார்த்தாவின் வாதத்தை ஆப்பிரிக்க நாடுகளே ஏற்கவில்லை. சோவியத் ஒன்றியம் தன் தடை வாக்கினால் தீர்மானத்தை வீழ்த்தியது. 1965 ஜனவரியில் மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் இடம் பெற்றபோது இந்தோனேசியா ஐக்கிய நாடுகளை விட்டே வெளியேறியது.

ஆகவே தொடுத்தவன் யார் என்ற கேள்விக்கு விடை தெளிவு. மலேசியா சூடியது காஞ்சிப்பூவே. சிக்கலான பகுதி இதன் பின்னர்த் தொடங்குகின்றது.

போர்னியோவின் எல்லை 1,000 மைலுக்கு மேல் நீண்ட மலையும் காடுமாகும். தாக்குவோர் எல்லைக்கப்பால் முகாமிட்டு, விரும்பிய நேரத்தில் புகுந்து, அடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். உள்ளேயே காத்திருந்தால் கலபாக்கான்கள் மீண்டும் மீண்டும் நிகழும். 1964இல் பிரிட்டிஷ் அரசு எல்லை கடந்து சென்று தாக்குவதற்கு இசைவளித்தது. போர்னியோப் படை நடவடிக்கைகளின் தலைவராக இருந்தவர் ஜெனரல் வால்டர் வாக்கர். அந்நடவடிக்கைகளுக்குக் 'கிளாரெட்' என்று பெயர். அது ஒரு திராட்சை மதுவின் பெயர். போர்த்துறையினர் பெயர் வைக்கும் விந்தையை என்னென்பது! முதலில் 5,000 கெஜம் வரையிலேயே செல்லலாம். பின்னர் அது 10,000 கெஜமாக நீட்டப்பட்டது.

வாக்கர் விதித்த கட்டளைகள் கடுமையானவை. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தலைவரின் நேரடி ஒப்புதல் வேண்டும். பயின்று தேர்ந்த படையினர் மட்டுமே செல்லலாம். நோக்கம் பகைவரின் தாக்குதலைக் கெடுப்பதே அன்றிப் பழிவாங்குவதாக இருத்தல் கூடாது. வான்படை உதவி பேரிடர் நேர்ந்தாலன்றிக் கிடையாது. உயிரோடோ பிணமாகவோ ஒரு வீரனையும் பகைவர் கையில் விட்டுவரக் கூடாது. இவற்றோடு முழு இரகசியம் காக்கப்பட வேண்டும்.

இக்கட்டளைகளை அறநெறி நோக்கில் எடையிட்டுப் பார்த்தல் தகும். தற்காப்பை ஆட்கள் 'கெஜ'க் கணக்கில் அளந்து நடத்தியது வரலாற்றில் அரிது. 5,000 கெஜம் என்பது சுமார் நாலரைக் கிலோமீட்டர். புகுந்து தாக்குவோரின் முகாம்களை எட்டுவதற்கு அது போதும். போந்தியானாக் நகரை எட்டுவதற்குப் போதாது. வெப்ஸ்டர் கேட்ட அளவு இங்கே கிடைக்கின்றது என்று ஒருவர் வாதிடலாம். அவர் கேட்ட உடனடி நெருக்கடி இங்கே உண்டா என்பது ஐயத்திற்குரியது. ஒரு தாக்குதல் நடக்கும் நேரத்தில் தடுப்பது வேறு. நாள் குறித்து, ஒத்திகை பார்த்து, பகைவன் மண்ணில் பதுங்கியிருந்து சுடுவது வேறு. எனினும் தெபெடு முதல் லாபிஸ் வரை தொடர்ந்து வந்த தாக்குதல்களை ஒரே தாக்குதலின் பல கைகளாகக் கொள்வது நேர்மைக்கு முரணாகாது. அவ்வாறு கொண்டால் 5,000 கெஜம் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. 10,000 கெஜமாக நீண்டபோதுதான் கவலை பிறக்கின்றது. எல்லை ஒருமுறை நீளுமாயின், மறுமுறை நீள்வதைத் தடுப்பது எது?

இரகசியத்தைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் 9ஆம் பாட்டைத் தமிழாசிரியர் பலமுறை கற்பித்திருப்பர். அம்பு விடுமுன் அப்பாண்டியன், பசுக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், நோயாளரும், புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்ததாகப் பாட்டு கூறும். வெளிப்படையான அறிவிப்பே அங்கு அறம். 'கிளாரெட்'டோ பல ஆண்டுகள் மூடி மறைக்கப்பட்டது. 51ஆம் விதி மன்றத்திற்கு அறிவிக்கச் சொல்கின்றது; இதனை எவரும் அறிவிக்கவில்லை. இவ்வகையில் அது பழந்தமிழர் அறத்திற்கும் புதிய சாசனத்திற்கும் ஒருங்கே மாறானது. ஆனால் மறைத்ததனால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. ஜகார்த்தா தன் தோல்வியை உலகறிய ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மானம் காக்கப் பெரும்படை திரட்டி வர வேண்டிய நெருக்கமும் நேரவில்லை. இந்தோனேசியத் தளங்களின் மேல் குண்டுவீசும் திட்டங்களும் பிரிட்டனிடம் ஆயத்தமாக இருந்தன, அவை செயற்படவில்லை. மூன்றாண்டுப் போரில் பொதுநலவாயத் தரப்பில் 114 பேரும், இந்தோனேசியத் தரப்பில் சுமார் 590 பேரும், பொதுமக்களில் 36 பேரும் உயிரிழந்தனர். ஒவ்வோர் உயிரும் அரியதே. ஆயினும் அதே ஆண்டுகளில் வியட்நாமில் நடந்ததை இதனோடு ஒப்பிடுவோர்க்கு, அளவு காத்ததன் பயன் விளங்கும். அறிவிக்காத குற்றமும், அளவு மீறாத நற்பண்பும் ஒரே செயலில் பின்னிக் கிடப்பதால் 'கிளாரெட்'டை முழுதும் புகழவோ முழுதும் இகழவோ இயலவில்லை.

சிறைப்பட்டோரை நடத்திய முறையும் இவ்வாராய்ச்சிக்கு உரியது. ஜொகூரில் பிடிபட்ட வான்குடையினருள் மலேசியர் சிலரும் இருந்தனர். அவர்கள் போர்க்கைதிகளா, நாட்டுத் துரோகிகளா? 1967இல் பிரிவி கவுன்சில், மலேசியாவிற்கு விசுவாசக் கடன்பட்டவர் பகைவர் படையில் சேர்ந்து வந்தால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பைக் கோர இயலாது என்று தீர்ப்பளித்தது. 1965 மார்ச் 10ஆம் நாள் சிங்கப்பூர் மெக்டொனால்டு மாளிகையில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தனர். வெடிக்க வைத்த உஸ்மான், ஹாருன் என்னும் இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவரும் சாதாரண உடையில் வந்து, படைத்துறைக்குத் தொடர்பில்லாத கட்டடத்தைத் தாக்கியதால் அவர்களுக்கும் அவ்வுரிமை இல்லையென்று 1968இல் அதே மன்றம் கூறியது. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் சிங்கப்பூர் அவர்களைத் தூக்கிலிட்டது. சட்டம் பிழையன்று. ஆனால் போர் முடிந்து இரண்டாண்டு கழிந்தபின், இந்தோனேசிய அதிபரின் வேண்டுகோளையும் மீறித் தண்டனையை நிறைவேற்றியது அறிவுடைமையா என்பதில் கருத்து வேறுபடுவோர் உண்டு. 1973இல் லீ குவான் யூ ஜகார்த்தா சென்று அவ்விருவர் கல்லறையிலும் மலர் தூவினார். அதன் பின்னரே இரு நாட்டுறவு நேர்வழிக்கு வந்தது.

இதுகாறும் கூறியது எல்லைக்கப்பால் நோக்கிய தற்காப்பு. நாட்டைக் காப்பதாகக் கூறும் படைவலி உள்நோக்கித் திரும்பும்போது அதனை அளப்பதற்குக் கெஜக்கோல் எதுவும் இல்லை. இதற்குச் சான்று கொன்ஃப்ரொன்தாசிக்கு முற்பட்ட அவசரகாலத்தில், 1948க்கும் 1960க்கும் இடையில் கிடைக்கின்றது. அது அண்டை நாட்டோடு நிகழ்ந்த போரன்று. காலனி அரசு கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு நடத்திய போர். ஆயினும் நாட்டின் தற்காப்பு என்ற பெயரிலேயே அது நடந்தது.

1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரத்தில் வாழ்ந்த சுமார் 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத்து லயங்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. காட்டிலுள்ளோர்க்கு உணவு செல்லாமல் தடுப்பதே நோக்கம். கடையில் விற்கும் தகர உணவைத் துளையிட்டே கொடுக்க வேண்டும். சில வட்டாரங்களில் அரிசியைப் பொதுவிடத்தில் சமைத்தே வழங்கினர். பால்மரம் சீவப் போவோர் பகலுணவைக் கொண்டுபோகவும் தடை. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லுமுன் வேலி வாயிலில் வரிசையாக நின்று உடற்சோதனைக்கு உட்பட வேண்டும். ஒரு பிடி அரிசி மடியில் இருந்தாலும் குற்றம்.

சிலாங்கூரில் காஜாங்கிற்குத் தெற்கே உள்ள செமினியில் இச்சோதனை எல்லை மீறிப் போயிற்று என்று முறையீடு எழுந்தது. பெண்களின் உடையைக் களையச் செய்து சோதித்தனர் என்பதே அம்முறையீடு. 1956இல் விசாரணைக் குழு அமைந்து, செமினியில் உணவுச் சோதனை நடத்தப்பட்ட முறை பற்றிய அறிக்கை அதே ஆண்டு அச்சேறியது. ஒரு சிற்றூரின் வேலி வாயிலில் நிகழ்ந்தது இலண்டன் வரை சென்றது.

படைத்துறை நோக்கில் உணவுத் தடை வெற்றி கண்ட உத்தி. காட்டிலிருந்தோரைப் பசி சரணடையச் செய்தது. ஐயம் தீர வேண்டுமாயின் எவ்வுடையையும் சோதிக்கத்தான் வேண்டும் என்று காவலர் வாதிடுவர்; அவர்கள் நோக்கில் அது பொருந்தும். ஆனால் அந்த வாயிலில் நின்ற பெண் படையெடுத்து வந்தவள் அல்லள். எவரைக் காப்பதற்காகப் படை நிற்கின்றதோ அவருள் ஒருத்தி அவள். காக்கப்படுவோரையே பகைவராக நடத்தத் தொடங்கும் தற்காப்புக்கு எத்திணையிலும் பூ இல்லை.

செமினியோடு பத்தாங்காலியை ஒப்பிட்டுக் காணல் வேண்டும். இரண்டும் சிலாங்கூர் மண்ணே. 1948 டிசம்பர் 12ஆம் நாள் பத்தாங்காலித் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்பது படையினர் கூறியது. 1970இல் பிரிட்டனில் தொடங்கிய புலனாய்வு ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. குடும்பத்தார் தொடுத்த வழக்கில், விசாரணை நடத்தச் சட்டக் கட்டாயம் இல்லையென்று 2015 நவம்பரில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 உயிர்களுக்குக் கிடைக்காத பொது விசாரணை, எட்டாண்டு கழித்து உடைச் சோதனைக்குக் கிடைத்தது ஏன்? இடையில் 1955 ஜூலையில் மலாயாவின் முதற் பொதுத்தேர்தல் நடந்திருந்தது. மக்கள் வாக்குப் பெற்றவர்கள் ஆட்சியில் அமர்ந்துவிட்டனர். குறை கேட்க ஆள் இருந்தது. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் படைவலியின் மேல் கேள்வி கேட்கும் உரிமை வாக்குச்சீட்டோடு சேர்ந்தே வந்தது என்று கருதுவதற்கு இடமுண்டு.

கொன்ஃப்ரொன்தாசி எவ்வாறு முடிந்தது? போர்க்களத்தில் எவரும் எவரையும் வீழ்த்தவில்லை. 1965 செப்டம்பர் 30 நிகழ்ச்சிக்குப் பின் ஜகார்த்தாவில் அதிகாரம் சுகர்ணோவின் கையிலிருந்து நழுவியது. துன் அப்துல் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் பாங்காக்கில் பேசினர். 1966 ஆகஸ்ட் 11ஆம் நாள் ஜகார்த்தாவில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சபா, சரவாக் மக்கள் பொதுத்தேர்தல் வாயிலாகத் தம் முடிவை மீண்டும் உறுதிசெய்ய வாய்ப்பளிக்கப்படும் என்பது அதன் ஒரு விதி. மணிலாவில் பேசிய அதே பொருளுக்கு, மூன்றாண்டுகளும் பல நூறு உயிர்களும் கழிந்தபின் இரு நாடுகளும் திரும்பி வந்தன. மறு ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் ஆசியான் தோன்றியபோது இரண்டும் அதன் நிறுவன உறுப்பு நாடுகளாயின.

பிணக்கு அதனோடு தீர்ந்துவிடவில்லை. கலபாக்கானுக்கு அப்பால், சபாவின் தென்கிழக்குக் கரையோரம் சிப்பாடான், லிகித்தான் என்னும் இரு சிறு தீவுகள் உள்ளன. அவை எவர்க்குரியன என்ற வழக்கை இரு நாடுகளும் உடன்பட்டு அனைத்துலக நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. 2002 டிசம்பர் 17ஆம் நாள் 16 நீதிபதிகள் மலேசியாவிற்குச் சார்பாகவும் ஒருவர் மாறாகவும் தீர்ப்பளித்தனர்; இந்தோனேசியா அதனை ஏற்றுக்கொண்டது. 2005இல் அதே கடலில் அம்பலாட் பகுதியில் இரு நாட்டுப் போர்க்கப்பல்கள் ஒன்றோடொன்று உரசிச் சேதமுற்றன. ஒரு பீரங்கியும் வெடிக்கவில்லை.